மேயர் அமைச்சரான கதையை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அரசியல் ஆர்வமுள்ள இளைஞர்களிடம் பேசும்போது பீட் புட்டிஜெஜ் பெயர் இப்போது அடிக்கடி வருகிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்று ஓர் ஊர். மக்கள் தொகை சுமார் 1 லட்சம். 29 வயதில் அந்த ஊருக்கு மேயராகத் தேர்வாகி, 2012 முதல் 2020 தொடக்கம் வரை இரண்டு தவணை இருந்தார். அதிபர் வேட்பாளர் போட்டியில் நடுப்போக்காளராக நின்று பெயர் வாங்கினார். 2021 பிப்ரவரியில் நாட்டின் போக்குவரத்து அமைச்சரானார்.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்று புரிகிறது. சவுத் பெண்ட் ஒரே தொழிலை நம்பி வளர்ந்த ஊர். 1963-இல் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியதும் ஆட்டம் கண்டது. இங்கேயும் பால்மரம் போய் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயத்து மக்கள் தாமான் குடியிருப்புகளுக்குச் சிதறினார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் அமைச்சரவை வரை போனார் என்றால் மனசு துள்ளத்தான் செய்யும். ஆனால் "நானும் முதலில் நகராண்மைக் கழகத் தலைவர், அப்புறம் அமைச்சர்" என்று திட்டம் போடுகிறவர்களிடம் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் தவறு, அந்த ஏணி இங்கேயும் இருக்கிறது என்று நம்புவது. அமெரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பவர் அதே சமயம் அமைச்சராக இருக்க முடியாது, அரசியலமைப்பே தடுக்கிறது. அதிபர் வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்துக் கொண்டுவரலாம், செனட் ஒப்புதல் கொடுத்தால் போதும். புட்டிஜெஜுக்கு 86 பேர் ஆதரவாகவும் 13 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். நம் நாட்டில் நேர் எதிர். கூட்டரசு அரசியலமைப்பின் 43-ஆவது விதிப்படி, அமைச்சராக வேண்டுமானால் மக்களவையிலோ மேலவையிலோ உறுப்பினராக இருந்தாக வேண்டும். மேயராக எவ்வளவு நல்ல பெயர் எடுத்தாலும் அங்கிருந்து நேராக அமைச்சரவைக்குக் கதவு கிடையாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம், இங்கே ஊராட்சித் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதே இல்லை. ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் இருந்தது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் 1951-இல் அத்தேர்தல் நடந்தது. 1957-இல் அது மாநகரமானபோது முதல் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ்.ராமநாதன். இந்தப் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். சவுத் பெண்ட் வரை தேடிப் போகிறவர்கள் பினாங்கைத் தாண்டித்தானே போகிறார்கள்? 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த நேரத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவை மறுபடியும் நடத்தப்பட வேண்டும் என்று செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. அந்தச் சட்டப்படி தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. தலைவர் நாற்காலியில் பெரும்பாலும் ஓர் அரசு அதிகாரிதான் உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் பதவிகளை மாநிலத்தை ஆளும் கட்சிகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்கின்றன.

அதனால் இங்கே முதல் படி கட்சிக் கிளைதான். கிளைக் கூட்டத்தில் உட்காராமல், தொகுதியில் யாருக்கும் முகம் தெரியாமல், திறமை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நியமனத்துக்குக் காத்திருந்தால் வயதுதான் ஏறும். கிளையிலிருந்து நகராண்மைக் கழக உறுப்பினர், பிறகு சட்டமன்றமோ நாடாளுமன்றமோ என்று போகலாம். மேலவை வழியாகவும் போகலாம், ஆனால் அதற்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். மக்களவைக்கு 18 வயது போதும்.

அடுத்தது நடுப்போக்கு பற்றிய குழப்பம். எதிலும் கருத்துச் சொல்லாமல், எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, எல்லா விருந்துக்கும் போய்வந்தால் நடுப்போக்காளர் ஆகிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். புட்டிஜெஜ் அப்படி இருக்கவில்லை. மருத்துவக் காப்புறுதி விவாதத்தில், எல்லாரையும் ஒரே அரசுத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவர் கட்சியிலேயே ஒரு தரப்பு சொன்னது. அரசுத் திட்டம் வேண்டும், ஆனால் விரும்புகிறவர்கள் சேரட்டும், தனியார் காப்புறுதியை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்றார் இவர். இரண்டு பக்கமும் திட்டு விழுந்தது. அதற்குப் பெயர்தான் நிலைப்பாடு.

நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆனது. செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு அது போதுமா? சிறு தோட்டக்காரரால் கொடுக்க முடியுமா? தோட்டத்தில் வேலை முடிந்து ஓய்வு பெறுபவருக்கு வீடு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கு ஒரு தெளிவான பதிலும், அதற்கான காரணமும், பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கும் வைத்திருப்பவரை நடுப்போக்காளர் என்று தாராளமாகச் சொல்லலாம். "இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்" என்று மட்டும் சொல்பவர் எந்தப் போக்கும் இல்லாதவர்.

ஏறிய படிகளை மட்டும் எண்ணிவிட்டு, வழுக்கிய படிகளை விட்டுவிடுவதும் தவறுதான். 2010-இல் புட்டிஜெஜ் இந்தியானா மாநிலப் பொருளாளர் தேர்தலில் தோற்றார். 2017-இல் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் பதவிக்கு முயன்று விலகினார். 2020 மார்ச் 1 அன்று அதிபர் போட்டியிலிருந்து விலகி, மறுநாளே ஜோ பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார். உழைப்போடு அந்த நேரக் கணிப்பும் சேர்ந்துதான் அவரை மேலே கொண்டுபோனது என்பது என் கருத்து.

படிகளைவிட முக்கியமானது, அவர் மேயராக இருந்தபோது நடந்த ஒரு விஷயம். 1,000 நாட்களில் 1,000 பாழடைந்த வீடுகளைச் சரிசெய்வது அல்லது இடிப்பது என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இலக்கை எட்டினார், பெயரும் கிடைத்தது. ஆனால் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வாழும் பகுதிகளில்தான் அதன் சுமை அதிகம் விழுந்தது என்று அங்கே கடுமையான விமர்சனம் உண்டு. தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதம் வந்த வீடுகள் நம்மிடையே எத்தனையோ. "வளர்ச்சி" என்று ஓர் அரசியல்வாதி எண்ணிக்கை சொல்லும்போது, அந்த எண்ணிக்கைக்குள் யார் வீடு இருந்தது என்று கேட்கும் உரிமை நம்மைவிட யாருக்கு அதிகம்? ஒருவரைப் பின்பற்ற விரும்பினால் அவர்மேல் வந்த புகாரையும் படித்துவிட்டுப் பின்பற்றுங்கள்.

அமைச்சரைப் பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1955-இலிருந்து பல அமைச்சுகளை வகித்தார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவருக்குப் பிறகு துன் ச.சாமிவேலு 1974 முதல் 2008 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அதில் பெரும்பகுதி அமைச்சர். 2008-இல், பொதுப்பணி அமைச்சராக இருக்கும்போதே, டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரிடம் தோற்றார். ஜெயக்குமார் 1999-லும் 2004-லும் இதே தொகுதியில் நின்று தோற்றவர்.

இத்தனை ஆண்டுகள் அமைச்சர்களைப் பார்த்த ஊரில் இன்றும் ஒரு தவறு ஓயவில்லை. எந்தக் குறை என்றாலும் மேலே இருப்பவரிடம் போய் நிற்கிறோம். தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டால் அது நகராண்மைக் கழகத்தின் வேலை. நிலப்பட்டா மாநில அரசின் கையில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை. தமிழ்ப்பள்ளியும் மருத்துவமனையும் கூட்டரசு அமைச்சுகளின் பொறுப்பு. தோட்டத்துக்குள் இருக்கும் சாலையோ தோட்ட முதலாளியின் நிலம், அங்கே கழகத்தின் லாரி வராது. கால்வாய்க்காக அமைச்சரின் உதவியாளரிடம் கொடுக்கும் மனு திரும்பவும் கழகத்துக்குத்தான் வந்து சேரும், சில மாதம் தாமதமாக. அரசியலுக்கு வர நினைக்கும் பிள்ளை இந்தப் பிரிவினையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மக்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

சரி, இப்போது எங்கே தொடங்குவது? சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கழகத்தின் முழுக்கூட்டம், உறுப்பினர்கள் வேறு மாதிரித் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். நம் ஊர்ப் பெயர் எத்தனை முறை வருகிறது, எதற்காக வருகிறது, நம் பகுதிக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர் அப்போது என்ன பேசுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து அதை உங்கள் தாமான் மக்களிடம் சொல்லுங்கள், அந்த உறுப்பினரிடமும் சொல்லுங்கள்.