பொற்கோயிலுக்குக் கிளம்பும் மதுரைக்காரர்களுக்கு

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. நானும் போனவன்தான். ஜலந்தரில் இருந்த காலத்தில் லீவு கிடைத்தால் அமிர்தசரஸுக்கு ரயிலேறிவிடுவேன். இப்போது ஊரில் யார் டெல்லி, ஆக்ரா என்று டூர் கிளம்பினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அமிர்தசரஸில் இருக்கும் சீக்கியர்களின் பொற்கோயிலுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கும் டூரில் போகாதீர்கள். ஒரு ராத்திரியாவது அங்கே தங்குங்கள். பக்கத்திலேயே யாத்ரீகர்கள் தங்கும் சராய்கள், அதாவது சத்திரங்கள் இருக்கின்றன.

மூட்டை கட்டும்போதே தலைக்குத் துணி எடுத்து வையுங்கள். ஆண், பெண், குழந்தை எல்லோரும் தலையை மூட வேண்டும், தொப்பி கூடாது. வாசலில் சும்மாவே துணி தருவார்கள் என்றாலும் நம்முடையதைக் கொண்டுபோவது நல்லது. பெண்களுக்கு மதுரைச் சுங்குடிதான் என் சிபாரிசு. பருத்தி என்பதால் தலையில் நிற்கும். பட்டும் பாலியஸ்டரும் குனியும்போதெல்லாம் வழுக்கி இறங்கும், ஒரு கை அதைப் பிடிப்பதற்கே சரியாகிவிடும். ஆண்கள் பெரிய கர்ச்சீப்பை நெற்றியில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போடலாம். உச்சந்தலை மூடியிருக்க வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது. மார்கழி, தையில் போனால் ஸ்வெட்டர் கட்டாயம். விடியற்காலையில் அந்தப் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடக்க நம் ஊர்க் கால்களுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

செருப்பை வாங்கி வைப்பவர்களில் பலர் சேவைக்கு வந்தவர்கள். காசு நீட்ட வேண்டாம், கைகூப்பினால் போதும். வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு படியிறங்குங்கள். சீக்கியர்களின் ஐந்தாவது குரு அர்ஜன் கட்டிய ஹர்மந்திர் சாகிப் (பொற்கோயிலுக்கு அவர்கள் சொல்லும் பெயர்) சுற்றிலும் உள்ள தரையைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது. எவரும் இறங்கித்தான் போக வேண்டும், எத்திசையிலிருந்தும் வரலாம் என்று நான்கு பக்கமும் வாசல். பொன் வேய்ந்தது மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில்.

குளத்தை வலமாகச் சுற்றி வந்து வரிசையில் நில்லுங்கள். சனி, ஞாயிறுகளில் மணிக்கணக்கில் ஆகும். உள்ளே விக்கிரகம் இல்லை. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப் இருக்கிறது. 1604-இல் முதன்முதலாக இங்கேதான் கிரந்தத்தை எழுந்தருளச் செய்தார்கள். இன்றைய வடிவில் 1430 பக்கம். சீக்கிய குருமார்களோடு நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், மராத்திய நாம்தேவ், சூஃபி ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் உண்டு. என்னை அந்த இடத்தோடு கட்டிப்போட்டது இதுதான். நெற்றி தரையில் பட வணங்குங்கள். அர்ச்சனைச் சீட்டு, சிறப்பு தரிசனம் எதுவும் கிடையாது. காணிக்கை உங்கள் இஷ்டம். உட்கார இடம் கிடைத்தால் கிரந்தத்தின் பக்கம் கால் நீட்டாமல் சம்மணம் போட்டுக் கீர்த்தனை கேளுங்கள். உள்ளே போட்டோ கூடாது.

கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சம அளவில் சேர்த்துக் கிளறும் கடா பிரசாதத்தை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும்.

ராத்திரி தங்கச் சொன்னதற்குக் காரணம் பல்லக்கு. நம் மீனாட்சி கோயிலில் பள்ளியறைக்குச் சுவாமியின் பாதம் பல்லக்கில் போவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். அங்கே கிரந்தத்தைப் பல்லக்கில் வைத்து, சாமரம் வீசி, அதே வளாகத்தில் எதிரே இருக்கும் அகால் தக்து என்ற கட்டடத்துக்கு எடுத்துப்போய்ச் சயனத்தில் வைக்கிறார்கள். பல்லக்குக்குத் தோள் கொடுக்க அத்தனை கூட்டம். விடிவதற்கு முன் அதே மரியாதையோடு திரும்பவும் கொண்டுவருகிறார்கள். நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் லங்கர், எல்லோருக்கும் இலவசமாகப் போடும் பந்திச் சாப்பாடு. ‘ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறோம்’ என்று இதைத் தவறவிடாதீர்கள். தட்டை வாங்கிக்கொண்டு பந்தியில் தரையில் உட்காருங்கள். பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்காமல் உட்காருவதுதான் லங்கர். அக்பர் பாதுஷாவே பஞ்சாபில் கோயிந்தவால் என்ற ஊரில் இப்படி உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் மூன்றாவது குரு அமர்தாஸைப் பார்த்தார் என்பது சீக்கிய மரபு. ரொட்டி வரும்போது இரண்டு கையையும் நீட்டுங்கள், கையில்தான் போடுவார்கள். பருப்பு வாளியில் வரும், கீர் என்னும் பால் பாயசமும் உண்டு. இரண்டாவது குரு அங்கதின் மனைவி மாதா கீவி நெய்விட்ட கீர் பரிமாறியதைக் கிரந்தமே பாடியிருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது.

சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் தொட்டிகளில் இடம் பார்த்து நில்லுங்கள். அனுமதி எதுவும் வேண்டாம், கையை மடித்துவிட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து இடம் விடுவார். இந்தி தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், தட்டு கழுவ மொழி எதற்கு? ரொட்டி தேய்க்க, பூண்டு உரிக்கவும் உட்காரலாம். வயதான அம்மாக்களுக்கு அது வசதி.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ராமேஸ்வரம் இருக்கிறது. சீக்கியர்களின் முதல் குரு நானக் தென்னாட்டுப் பயணத்தில் அங்கே வந்தார் என்ற நம்பிக்கையில் எழுந்த குருத்வாரா, அதாவது சீக்கியக் கோயில், அங்கே உண்டு. இங்கே சொன்ன முறைகள் அங்கேயும் பொருந்தும். லங்கருக்கு அரிசியோ பருப்போ கொடுக்க நினைத்தால், என்ன தேவை என்று அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.