ஹோகார்த்தின் 'ஜின் சந்து': வாட்டர்கலரில் ஒரு கைப்பிரதி

1751 பிப்ரவரியில் லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் இரண்டு அச்சுப் படங்களை ஜோடியாக வெளியிட்டார். 'பியர் தெரு'வில் எல்லாரும் கொழுகொழுவென்று இருப்பார்கள். 'ஜின் சந்து'வில் ஊரே செத்துக்கொண்டிருக்கும். அன்றைய லண்டன் ஏழைகளின் மலிவுச் சரக்கு ஜின். 1736-இல் கடும் வரி போட்டும் குடி அடங்கவில்லை. படம் வந்த அதே ஆண்டு புதிய ஜின் சட்டமும் வந்தது.

படத்தின் விலை ஒரு ஷில்லிங். மலிவாக விற்க வேண்டும் என்பதற்காகவே ஹோகார்த் கோடுகளைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக விட்டார். முதல் தடவை ஒரு படத்தைப் பார்த்துக் கையால் பிரதி வரைபவர்களுக்கு இது பெரிய வசதி. படத்துக்குக் காப்புரிமைச் சிக்கலும் இல்லை; பெரிய அருங்காட்சியகத் தளங்களில் தெளிவான பிரதி கிடைக்கும். அதை ஏ3 தாளில் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பென்சிலைத் தொடாமல் பாருங்கள்

அரை மணி நேரமாவது பாருங்கள். இந்தப் படத்தின் நையாண்டி முழுக்க சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. அவை விட்டுப்போனால் மிஞ்சுவது வெறும் கூட்டம்.

நடுவில் படிக்கட்டில் ஒரு பெண், கால் முழுக்கப் புண். கையில் பொடி டப்பி. மடியிலிருந்த குழந்தை தலைகீழாக விழுகிறது. அவள் முகத்தில் சிரிப்பு. இடது பக்கம் அடகுக் கடை. தச்சர் ரம்பத்தையும், ஒரு பெண் சமையல் பாத்திரங்களையும் கொண்டு வந்திருக்கிறார்கள். வலது மேலே, இடிந்த வீட்டில் தூக்கில் தொங்குபவர் நாவிதர். வலது கீழே எலும்புக்கூடாய் ஒருவர், பக்கத்தில் கறுப்பு நாய். இடது கீழ் மூலையில் சாராயக் கடை வாசல். அதன் மேலே எழுதியிருப்பதன் பொருள்: ஒரு பென்னிக்குப் போதை, இரண்டு பென்னிக்கு முழுப் போதை, படுக்க வைக்கோல் இலவசம்.

எனக்குப் பிடித்தது தூரத்தில் இருக்கிறது. அந்தக் கோபுரம் ப்ளூம்ஸ்பரியின் புனித ஜார்ஜ் தேவாலயம். அடகுக் கடையின் மூன்று உருண்டைச் சின்னம் சரியாக அதற்கு மேலே சிலுவை மாதிரி தொங்குகிறது. அந்தச் சந்துக்குச் சாமி யார் என்று ஹோகார்த் அங்கேயே சொல்லிவிட்டார். உங்கள் பிரதியில் அந்தச் சின்னம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் இந்தக் கிண்டல் போய்விடும்.

2. கட்டம் போடுங்கள்

பிரின்ட்டின் கீழே உள்ள கவிதை வரிகளை விட்டுவிடுங்கள். படத்தின் அகலத்தை 6 சம பாகமாகப் பிரித்து, அதே அளவுச் சதுரங்களை மேலிருந்து கீழே போட்டு வாருங்கள். கடைசி வரிசை முழுதாக வராவிட்டாலும் பரவாயில்லை. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் தாளில் 24 செ.மீ. அகலம் எடுத்து, 4 செ.மீ. சதுரங்களாக மிக லேசாகக் கோடு இழுங்கள். தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி உப்பும்.

3. செம்பழுப்பு பென்சிலில் வரையுங்கள்

ஹோகார்த் இந்தப் படத்துக்காகச் சிவப்புச் சாக்கில் போட்ட ஓவியம் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதனால் நானும் செம்பழுப்பு பென்சிலில்தான் தொடங்குவேன். கரிப் பென்சில் போல அழுக்குப் படியாது. பிறகு வண்ணத்தோடு கலந்தும் போகும். முதலில் அடகுக் கடைச் சின்னம், கோபுரம், பெண்ணின் தலை, விழும் குழந்தை ஆகிய நான்கையும் அதனதன் கட்டத்தில் நிறுத்துங்கள். மற்றவர்களை அவற்றைச் சுற்றி நிரப்பலாம்.

4. மை

நீரில் கரையாத மைப் பேனா மட்டும்தான். என் முதல் பிரதியில் கையில் கிடைத்த ஜெல் பேனாவால் மூன்று நாள் கோடு போட்டேன். ஈரப் பிரஷ் பட்டதும் நாவிதர், வீடு, வானம் எல்லாம் ஒரே நீலக் குழம்பு. முதலில் துண்டுத் தாளில் ஒரு கோடு போட்டுத் தண்ணீர் தடவிச் சோதியுங்கள். முன்னால் இருப்பவர்களுக்கு 0.3 மி.மீ., தூரத்துக் கட்டடங்களுக்கு 0.1 மி.மீ. முனை.

மூலத்தில் நிழலெல்லாம் குறுக்கும் நெடுக்குமான கோடுகள். அவற்றை ஒன்றுவிடாமல் எண்ணி எண்ணிப் போட வேண்டாம். அந்த வேலையைப் பிரஷ் செய்யும்.

5. நிழல், அப்புறம் நிறம்

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். படம் மூன்றே தரமாகத் தெரியும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. பெண்ணையும் குழந்தையையும் தாளின் வெள்ளையாகவே விடுங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணமும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் அழகான சாம்பல் வரும். அதை நிறையத் தண்ணீர் சேர்த்து மற்ற இடங்களில் பூசி, முழுதாகக் காயவிடுங்கள். அடுத்து நடுத்தர நிழல். கடைசியாகச் சாராயக் கடை வாசலுக்கும் நாய்க்கும் அதே கலவையைக் கெட்டியாக எடுங்கள். டியூபில் வரும் கறுப்பு வேண்டாம், படத்தில் ஓட்டை விழுந்தது போல் தெரியும்.

மூலம் கறுப்பு வெள்ளை அச்சு. ஆகவே நிறம் உங்கள் முடிவு. கட்டடங்களுக்கு யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், தோலுக்கு அதில் துளி சிவப்பு. அவ்வளவு போதும் என்பேன். பளிச்சென்ற பச்சையும் நீலமும் தீட்டினால் சந்து திருவிழாத் தெரு ஆகிவிடும்.

காய்ந்ததும் மெல்ல டேப்பை உரித்து, பின்பக்கம் 'ஹோகார்த்தின் படத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள்.

கை பழகியதும் ஜோடிப் படமான 'பியர் தெரு'வை எடுக்கலாம். அங்கே அத்தனை செழிப்புக்கு நடுவில் கந்தல் சட்டையோடு ஒருவர் ஏணியில் நிற்பார். பக்கத்தில் தொங்கும் ஜின் புட்டியைப் பார்த்துப் பலகையில் வரைந்துகொண்டிருக்கும் ஓவியர் அவர்.