தொட்டிக்குப் பின்னால் ஒரு பாசிப் பெட்டி: சின்னக் கடல்நீர்த் தொட்டிக்கு ரெஃப்யூஜியம் வைப்பது எப்படி?

மலேசியாவில், பந்திங்கில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் மீன் தொட்டியைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "பின்னால என்னங்க, பாசி பிடிச்ச டப்பாவைத் தொங்க விட்டிருக்கீங்க?" அது தானாகப் பிடித்த பாசி இல்லை, நானே வளர்ப்பது. அந்த டப்பாவுக்குப் பெயர் ரெஃப்யூஜியம், அதாவது அடைக்கலம் தரும் இடம்.

மீனுக்குப் போடும் தீனி கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதை உரமாக்கிக்கொண்டு கண்ணாடியிலும் கல்லிலும் அசிங்கமான பாசி படரும். அதே உரத்தைத் தனிப் பெட்டியில் நாம் விரும்பும் பாசிக்குக் கொடுத்துவிடுவதுதான் வித்தை. கூடவே கோப்பிபாட், ஆம்பிபாட் போன்ற பொடி உயிர்கள் மீனின் வாய்க்குத் தப்பி அங்கே பெருகும். அதில் கொஞ்சம் வழிந்து வந்து மீனுக்கு உயிருணவாகும்.

என்னுடையது இரண்டடித் தொட்டி, ஏறக்குறைய 60 லிட்டர், இரண்டு கிளவுன் மீன்கள். இந்த அளவுக்கு 6 லிட்டர் பெட்டி போதும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதுத் தொட்டியில் மீனுக்கு விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்தக் காத்திருப்புக்கு ரெஃப்யூஜியம் மாற்று கிடையாது.

பெட்டி

சுலபமான வழி, தொட்டியின் பின்விளிம்பில் தொங்கும் ஃபில்டர். கிடைப்பதில் பெரியதாக வாங்கி, உள்ளே இருக்கும் பஞ்சையும் கரியையும் எடுத்துவிடுங்கள். வெறும் பெட்டி மிஞ்சும். தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும், அது விளிம்பு வழியே தானாகத் தொட்டிக்குத் திரும்பும். வழியும் விளிம்பில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வலையைச் செருகுங்கள், பாசி இழை தொட்டிக்குள் போகாது.

நான் அப்படிச் செய்யவில்லை. பிளாஸ்டிக் டப்பாவும் சின்ன பம்பும் வாங்கி நானே பொருத்தினேன், அதற்கான பாடத்தையும் படித்தேன். பம்பின் குழாய் நுனியைப் பெட்டியின் அடிவரை விட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் இடியும் மழையுமாக இருந்தபோது கரண்ட் போனது. பம்பு நின்றதும் பெட்டித் தண்ணீர் முழுவதும் அதே குழாய் வழியாகத் தொட்டிக்கு இறங்கி, தொட்டி நிரம்பி, ஹாலில் உப்புத் தண்ணீர். பாசியும் காய்ந்துவிட்டது. குழாய் நுனி எப்போதும் பெட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பொருத்தி முடித்ததும் சுவிட்சை நீங்களே அணைத்து, பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். வயரையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்குமாறு விடுங்கள். வயர் வழியே இறங்கும் நீர் பிளக்குக்குப் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கல்லும் பாசியும்

பெட்டியின் அடியில் ஒரு கைப்பிடி உயிர்க்கல் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் பவளக்கல்) துண்டுகள் போதும். பொடி உயிர்கள் ஒளிய இடம் கிடைக்கும். மணல் வேண்டாம், இவ்வளவு சின்னப் பெட்டியில் அது அழுக்கைத்தான் சேர்க்கும். கல்லைக் கடையில் வாங்குங்கள். பூலாவ் பாயார், தியோமான் போகும்போது பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவை கடல் பூங்காக்கள், அங்கே பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

பாசியில் என் ஓட்டு கீட்டோமார்ஃபாவுக்குத்தான். பச்சை மீன்பிடி நூலைச் சிக்கலாக்கிப் பந்து பிடித்த மாதிரி இருக்கும், எதிலும் வேர் பிடிக்காது. கடைக்காரர் அழகாக இருக்கிறதே என்று காலெர்ப்பாவைக் காட்டுவார். சபாவில் லாத்தோக் என்று சாலட் போட்டுச் சாப்பிடும் கடல் திராட்சையும் அந்தக் குடும்பம்தான். தட்டில் இருந்தால் சரி. பெட்டியில் அது திடீரென்று இனப்பெருக்கத்துக்குப் போய், உடம்பில் உள்ளதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு வெளுத்துவிடக்கூடும். தொட்டியே பால் கலந்த மாதிரி ஆகிவிடும். முதல் தடவை செய்கிறவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

ஒரு கைப்பிடி கீட்டோ போதும். அதைப் பைப் தண்ணீரில் கழுவாதீர்கள். கோப்பிபாட்டெல்லாம் செத்துவிடும். ஒரு பாத்திரத்தில் தொட்டி உப்பளவுக்கே கரைத்த நீரை எடுத்து அதில் அலசி, நண்டுக்குஞ்சு எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். பெட்டிக்குள் தண்ணீர் ஓட்டம் பாசிப் பந்தை மெல்ல அசைத்தால் போதும்.

விளக்கு

இதற்கென்று விற்கும் சிவப்பு, ஊதா விளக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவசியமில்லை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 6500 கெல்வின் வெள்ளை எல்ஈடி பல்பை கிளிப் விளக்கில் மாட்டிப் பெட்டிக்கு நேராக வையுங்கள். பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்த வெளிச்சத்துக்குத் தொட்டிக் கண்ணாடியிலும் பாசி வரும்.

டைமர் வாங்கி, தொட்டி விளக்கு அணையும் நேரத்தில் இது எரியும்படி வையுங்கள். இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்று, தண்ணீரில் கரியமில வாயு கூடி, பிஎச் இறங்கும். பெட்டியில் உள்ள பாசி அந்த நேரத்தில் வேலை செய்தால் இறக்கம் குறையும். முதல் வாரம் 8 மணி நேரம், அப்புறம் 12.

வெயிலும் தண்ணீரும்

நம் வீடுகளில் மதியம் தொட்டி சாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், எனக்கு ஒரு நாளில் ஒரு லிட்டர் வரை போகிறது. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். அதனால் குறைந்ததை உப்பு நீரால் அல்ல, நல்ல நீரால் நிரப்புங்கள். நான் கடைத்தெருவில் காசு போட்டால் ஆர்ஓ தண்ணீர் தரும் மெஷினில் பிடித்து வருகிறேன். உப்படர்த்தி 1.025க்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மோரிப் கடல் பக்கத்தில்தானே, அள்ளி வரலாமே என்பார்கள். அந்தக் கரை சேறு, மழைக்காலத்தில் உப்பளவும் மாறும். மீன் கடையில் கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் உப்புத்தூளே நல்லது.

அறுவடை

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பாசி வளர்ந்தாலே தண்ணீர் சுத்தமாகிவிடாது. அது உறிஞ்சிய சத்து இன்னும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அறுத்து வெளியே எடுத்தால்தான் கணக்குத் தீரும். பெட்டி அடைத்துக்கொண்டதும் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி எடுங்கள். எனக்கு இது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. விட்டுவிட்டால் பந்தின் நடுவில் வெளிச்சம் படாமல் அழுகி, உறிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடுத்ததைச் சாக்கடையில் போடாமல், நல்ல தண்ணீரில் அலசித் தென்னை மரத்தடியில் போட்டுவிடுகிறேன்.

வாரம் ஒருமுறை நைட்ரேட் பாருங்கள். 2 முதல் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தால் நிம்மதி. பூஜ்ஜியம் காட்டி, பாசியும் வெளுத்தால் அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். விளக்கு நேரத்தைக் குறையுங்கள், இல்லை தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அப்புறம், டெங்கிக்காகத் தாமானில் (குடியிருப்பில்) புகை மருந்து அடிக்கும் நாள். அந்த மருந்தில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம், கோப்பிபாட்டையும் விடாது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் காற்று மோட்டாரையும் அணைத்து, தொட்டியையும் பெட்டியையும் ஈரத்துணியால் மூடுங்கள். தண்ணீர் பம்பு ஓடட்டும். புகை வாடை முழுக்கப் போன பிறகு துணியை எடுத்தால் போதும்.