வீட்டுக் கணினிகள் ஒன்றுக்கொன்று பேக்கப்

வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால், சிங்திங் (Syncthing) என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் நிறுவி, பிரவுசரில் 127.0.0.1:8384 திறந்து, ஒன்றின் டிவைஸ் ஐடியை (அந்தக் கணினியின் அடையாளக் குறியீடு) மற்றதில் சேர்த்துவிடுங்கள். ஒரே வைஃபையில் இருந்தால் தானாகவே கண்டுகொள்ளும்.

பலரும் தவறுவது அடுத்த படியில்தான். ஃபோல்டரை அப்படியே பகிர்ந்தால் அது வெறும் சிங்க், பேக்கப் அல்ல: இங்கே அழித்த படம் அங்கேயும் அழிந்துவிடும். அதனால் மூலக் கணினியில் ஃபோல்டர் வகையை 'சென்ட் ஒன்லி' என்றும், நகல் வைக்கும் கணினியில் 'ரிசீவ் ஒன்லி' என்றும் மாற்றுங்கள். நகல் வைக்கும் பக்கத்தில் 'ஸ்டேஜர்ட் ஃபைல் வெர்ஷனிங்' கட்டாயம் வேண்டும். மூலத்தில் அழிந்த, மாறிய கோப்புகளின் பழைய பிரதிகள் அங்கே .stversions என்ற மறைந்த ஃபோல்டரில் 365 நாள் வரை கிடக்கும். இந்த வெர்ஷனிங்கை மூலப் பக்கத்தில் வைத்தால் பயனில்லை. வெளியிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும். மற்ற கணினியின் ஃபோல்டருக்கும் இதையே திருப்பிச் செய்யுங்கள்.

முதல் நகலுக்கு லேன் கேபிள் நல்லது. 100 ஜிபி, 100 மெகாபிட் வேகத்தில் இரண்டேகால் மணி நேரம் இழுக்கும். கணினி ஸ்லீப்புக்குப் போனால் நகலும் நின்றுவிடும். மாதம் ஒருமுறை ஒரு பழைய கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள்.