குழி வெட்டும் முன்: மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளையும் குழாயையும் காப்பது எப்படி?

மதில் கட்ட வானம் தோண்டுவது, செப்டிக் டேங்குக்குக் குழி எடுப்பது, தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு இணைப்பு இழுப்பது, கேட்டுக்குத் தூண் நிறுத்துவது என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கட்டும் எவருக்கும் ஒரு மண்வேலையாவது வந்து சேரும். நாற்கரச் சாலை போடுகிறவர்களிடம் வரைபடமும் பொறியாளரும் உண்டு. ஜேசிபியை அரைநாள் வாடகைக்குப் பிடித்து வேலையை முடிக்க நினைக்கும் வீட்டுக்காரருக்கும், தொழிலுக்குப் புதிதாக வந்த கொத்தனாருக்கும் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்கடியில் கிடப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை அதன் பக்கத்தில் இயந்திரத்தை விடக் கூடாது. வரைபடம், செயலி, கருவி, பக்கத்து வீட்டுப் பெரியவரின் நினைவு எல்லாமே எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்லும். இருக்கிறதா, எத்தனை அடியில் இருக்கிறது என்பதைக் கையால் தோண்டிய குழிதான் சொல்லும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் குழியைச் சரியான இடத்தில் போடுவதற்காகத்தான்.

படி 1: உள்ளே என்னென்ன இருக்கலாம்?

தெருவோரத்தில் குடிநீர்க் குழாய், மின்கேபிள், தொலைபேசி மற்றும் இணைய ஃபைபர் கேபிள், நாகர்கோவில் போன்ற இடங்களில் பாதாளச் சாக்கடை, குழாய் எரிவாயு வந்த தெருவானால் அதன் குழாய் ஆகியவை இருக்கலாம். மின்கேபிள் புதைப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1255. அதன்படி வீட்டு மின்னழுத்தக் கேபிள் குறைந்தது 75 செ.மீ., 11 கிலோவோல்ட் கேபிள் 90 செ.மீ., 33 கிலோவோல்ட் கேபிள் 105 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். அடிக்கணக்கில் இரண்டரை, மூன்று, மூன்றரை. பிஎஸ்என்எல் தன் முக்கிய ஃபைபர் தடங்களுக்கு வைத்திருந்த பழைய அளவு 165 செ.மீ.

இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பி வெட்டாதீர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களில் வீட்டுக்குச் சமதளம் எடுக்க இரண்டடி, இரண்டரையடி மண்ணைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். அன்று மூன்றடி ஆழத்தில் போட்ட கேபிள் இன்று அரையடியில் கிடக்கும். பாறை குறுக்கிட்ட இடத்தில் ஆழம் போகாமல், இரும்புக் குழாய்க்குள் விட்டோ மேலே கான்கிரீட் போட்டோ முடித்திருப்பார்கள். சாலையை மேலே மேலே உயர்த்திய இடத்தில் இதற்கு நேர்மாறாக ஆழம் கூடியிருக்கும்.

மறந்துபோவது வீட்டுக்காரர் தாமே புதைத்ததைத்தான். நம் ஊர் வீட்டு மனைகளில் கிணறு இருக்கும், கிணற்றில் மோட்டார் இருக்கும். வீட்டிலிருந்து கிணற்றடி வரை ஒரு மெல்லிய பிவிசி குழாய்க்குள் வயர் போயிருக்கும், பெரும்பாலும் ஓர் அடி ஆழம்கூட இராது. அந்த வயர் எந்த அலுவலக வரைபடத்திலும் இல்லை. கேட் விளக்கு வயர், மாடித் தொட்டிக்குப் போகும் தண்ணீர்க் குழாய், பழைய செப்டிக் டேங்கின் கழிவுக் குழாய் ஆகியவையும் அப்படித்தான். மனையை வாங்கியவராக இருந்தால், விற்றவரிடமும் முன்பு வேலை செய்த பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கேட்டுவிடுங்கள்.

படி 2: நடந்து பாருங்கள்

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தோண்டப்போகும் இடத்தையும் அதைச் சுற்றி இருபது அடியையும் மெதுவாக நடந்து பாருங்கள். சாலையில் நீளமாக ஓர் ஒட்டுப்பட்டை தெரிந்தால், அல்லது மண் ஒரே கோட்டில் லேசாகத் தாழ்ந்திருந்தால், அங்கே யாரோ முன்பே வெட்டி மூடியிருக்கிறார்கள். வால்வுத் தொட்டியின் மூடி, ஆள்நுழைவுக் குழியின் மூடி, தண்ணீர் மீட்டர், கேபிள் அடையாளக் கல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பத்தில் இரும்புக் குழாய் வழியாகத் தடித்த கேபிள் ஒன்று தரைக்குள் இறங்கினால், அது அங்கிருந்து எங்கோ போகிறது என்று பொருள்.

இரண்டு மூடிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டு, அதுதான் தடம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கேபிள் போட்டவர்கள் பாறையைக் கண்டால் வளைந்து போவார்கள், தென்னை மரத்தைக் கண்டாலும் வளைந்து போவார்கள்.

படி 3: கேளுங்கள்

2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை வெளியிட்டது. ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசு சொன்னது. செயலியில் கைப்பேசி எண்ணைப் பதிந்து, தோண்டும் இடத்தையும் நாளையும் குறிப்பிட்டால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பதாகப் பதிவு செய்துள்ள நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அவர்களின் தொடர்பு விவரம் உங்களுக்கு வரும். செலவில்லாத வேலை, செய்துவிடுங்கள். ஆனால் பதிவு செய்யாதவர்களின் குழாய் அதில் தெரியாது. ஒரு பேரூராட்சி முப்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட குடிநீர்க் குழாயை அதில் எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே நேரிலும் போக வேண்டும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். தண்ணீருக்கு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம். ஊர்களைத் தாண்டிப் போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாய் என்றால் குடிநீர் வடிகால் வாரியம். சாலையை வெட்டுவதானால் அந்தச் சாலை யாருடையது என்று பார்த்து, அவர்களிடம் அனுமதி வாங்காமல் கடப்பாரையைத் தொடக் கூடாது. அலுவலகத்தில் வரைபடம் கிடைக்கவில்லை என்றாலும், அந்தப் பகுதியில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரை ஒருமுறை அழைத்து வாருங்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, குழாய் எங்கே திரும்புகிறது என்பது அவருக்குத் தெரியும். என் அனுபவத்தில் அரைமணி நேரத்தில் இவ்வளவு பயன் தரும் ஆள் வேறு இல்லை.

கேபிள் தேடும் கருவியை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கேபிளில் ஓடும் மின்சாரத்தை வைத்துத்தான் அது எளிதாகக் கண்டுபிடிக்கிறது. பகலில் அணைந்திருக்கும் தெருவிளக்கின் கேபிளை அது தவறவிடலாம். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை அது காட்டவே காட்டாது. கருவி கத்தவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது.

படி 4: தரையில் வரையுங்கள்

தோண்டப்போகும் எல்லையைச் சுண்ணாம்பில் வெள்ளையாகப் போடுங்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, சாக்கடைக்குப் பச்சை என்று அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு வண்ண வழக்கம் உண்டு. அதையே பின்பற்றலாம். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் சுண்ணாம்பு ஒரே இரவில் கரைந்துவிடும். கோட்டின் இரு முனையிலும் முளை அடித்து வையுங்கள்.

படி 5: கையால் சோதனைக் குழி

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. இயந்திரம் வந்து நின்ற பிறகு சோதனைக் குழி எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. முந்தைய நாளே இதை முடித்துவிடுங்கள்.

தடம் போகும் திசைக்குக் குறுக்காக, ஓரடி ஒன்றரை அடி அகலத்தில் வெட்டுங்கள். வீட்டு வயர் இருக்கலாம் என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஆனால் கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் கேபிளில் அப்போதும் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த மின்வாரியத்தால்தான் முடியும். ரப்பர் பூட்ஸ் போடாமல் குழியில் இறங்க வேண்டாம்.

மண்வெட்டியால் மெல்லிய அடுக்காகச் சீவி எடுங்கள். கடப்பாரையையும் பிக்காசையும் ஓங்கிப் போடக் கூடாது, கேபிளைக் குத்துவது பெரும்பாலும் அவைதான். தடத்துக்கு நேர் மேலே இறங்காமல், ஓர் அடி தள்ளி இறங்கி, பக்கவாட்டில் மண்ணைத் தளர்த்திக்கொண்டு தடத்தை நெருங்குங்கள்.

சரல் கலந்த நம் செம்மண் இதில் பெரிய உதவி செய்யும். யாரும் தொடாத மண் இறுகிக் கிடக்கும். சிவப்பும் மஞ்சளும் புள்ளி புள்ளியாகத் தெரியும், மண்வெட்டி பட்டால் ‘ணங்’ என்று எதிர்க்கும். முன்பு வெட்டி மூடிய மண் உதிரியாக வரும். அதில் கருங்கல் ஜல்லி, ஓட்டுத் துண்டு, பிளாஸ்டிக் உறை ஏதாவது கலந்திருக்கும். அப்படி வந்தால் கையை மெதுவாக்குங்கள். இன்னும் கொஞ்சம் இறங்கி, செம்மண்ணுக்கு நடுவே வெளுத்த மணல் தலைகாட்டினால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். செம்மண்ணில் மணல் தானாக வராது. கேபிளுக்கு மெத்தையாக யாரோ கொட்டிய மணல் அது. அடுத்து வருவது வரிசையாக அடுக்கிய செங்கல்லாகவோ எச்சரிக்கை நாடாவாகவோ இருக்கலாம், அதன் அடியில் கேபிள். இனி சிறு கரணையும் கையும் மட்டும் போதும்.

முட்டம், குளச்சல் பக்கத்துக் கடற்கரை மணலில் இந்த அடையாளம் கிடைக்காது, எல்லாமே மணல்தான். அங்கே செங்கல்லையும் நாடாவையும் மட்டுமே நம்ப வேண்டும். குழியின் ஓரமும் சரிந்துகொண்டே வரும். நாஞ்சில் நாட்டு வயற்காட்டுக் களிமண்ணில் மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறும். தண்ணீரை இறைக்காமல் கையை விட்டுத் தேடக் கூடாது.

எதிர்பார்த்த ஆழத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குழியை இரு பக்கமும் நீட்டுங்கள். கிடைத்துவிட்டால் சில அடி தள்ளி இன்னொரு குழி போட்டு, எந்தத் திசையில் போகிறது என்று உறுதி செய்யுங்கள்.

படி 6: இயந்திரம் வந்ததும்

ஓட்டுநரைக் கீழே இறக்கி, சோதனைக் குழிகளை நேரில் காட்டுங்கள். “அண்ணே, இந்த முளைக்கு அந்தப் பக்கம் எடுங்கள். இந்தப் பக்கம் நாங்கள் கையால் எடுத்துக்கொள்கிறோம்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கண்ணால் பார்த்த கேபிளுக்கு இரு பக்கமும் இரண்டு மூன்றடி முழுக்கக் கைவேலைதான். முடிந்தால் பல் இல்லாத பக்கெட்டைப் போடச் சொல்லுங்கள். ஒருவர் குழியைப் பார்த்தபடியே நிற்க வேண்டும், அவர் கை தூக்கினால் இயந்திரம் நிற்க வேண்டும். இயந்திரத்தின் கை மேலே போகும் மின்கம்பியில் படாமல் கவனிப்பதும் அவர் வேலைதான்.

வெளியே தெரியும் குழாயை அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. குழியின் குறுக்கே பலகை போட்டு, அதிலிருந்து அகலமான பட்டையால் தாங்குங்கள். கேபிளைப் பிடித்து ஏறுவதோ ஒதுக்கி இழுப்பதோ கூடாது. குடிநீர்க் குழாய் வளையும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. வளைவில் தண்ணீர் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்துத் தாங்குவது பின்னாலுள்ள மண்ணோ கான்கிரீட் கட்டையோதான். அதைத் தோண்டி எடுத்துவிட்டால், குழாயை யாரும் தொடாமலே இணைப்பு கழன்றுவிடும். மின்கம்பத்தின் அடியிலும் இழுகம்பியின் அடியிலும் இதே போல மண்ணை எடுக்கக் கூடாது.

ஐந்தடிக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கவாட்டில் பலகையும் முட்டும் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள்.

படி 7: பட்டுவிட்டால்

மின்கேபிளில் பட்டால், ஓட்டுநர் இயந்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பத்து மீட்டருக்கு அப்பால் விலக வேண்டும். தெருவில் விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காகக் கிட்டே போகக் கூடாது, மின்சாரம் மறுபடியும் வரலாம். இயந்திரம் தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமானால், இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, கால்களை அகட்டாமல் தரையில் தேய்த்தபடி சிறு அடியாக விலக வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ஆளுக்குக் காயம் என்றால் 108, தீ என்றால் 101.

எரிவாயுக் குழாய் என்றால் எஞ்சினை அணைத்து, காற்று வரும் திசை நோக்கி எல்லாரும் விலகிப் போங்கள். அக்கம்பக்கத்து வீட்டாரையும் வெளியேற்றுங்கள். விலகிய பிறகுதான் கைப்பேசி. மண்ணைத் தள்ளி மூடுவது மிகவும் ஆபத்தானது. வாயு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வீட்டுக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் நுழைந்துவிடும். ஃபைபர் அறுந்தால் அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

லேசாகத் தோல் உரிந்ததுதானே என்று மூடிவிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கீறல் வழியாக ஈரம் இறங்கி, அடுத்த மழையில் யாரோ ஒருவர் அந்த இடத்தில் நிற்கும்போது அது வெளிப்படும். உரியவரை அழைத்துக் காட்டி, சரிசெய்த பிறகே மூட வேண்டும். செலவு வரும், திட்டு விழும். அந்த ஆள் உயிரோடு இருப்பார்.

படி 8: மூடும்போது

கேபிளைச் சுற்றிக் கல் இல்லாத மணல், அதன் மேல் எடுத்த செங்கல்லை அதே வரிசையில், பிறகு மண். அந்த மண்ணின் நடுவே, கேபிளுக்கு ஓர் அடி மேலே எச்சரிக்கை நாடா. அரையடி அரையடியாகக் கொட்டி இடித்துக் கெட்டியாக்குங்கள். கேபிளுக்கு நேர் மேலே முதல் அடுக்கைக் கையால் மட்டும் இடிக்க வேண்டும்.

மூடுவதற்கு முன், குழிக்குள் அளவு நாடாவை நிறுத்தி ஆழம் தெரியும்படி படம் எடுங்கள். ஒரு தாளில் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்தும் கேபிளுக்குள்ள தூரத்தை எழுதி, பத்திர நகலோடு வையுங்கள். மின்கம்பத்தையோ மதிலையோ அளவுக்கு அடையாளமாக வைக்க வேண்டாம், சாலையை அகலப்படுத்தும்போது முதலில் இடம் மாறுவது அவைதான்.