முழு எண்களைப் பிட்டுகளாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அன்றாட நீர்மட்டத்தை முழு அடிகளில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு பிட் வரிசையாக (0 அல்லது 1 என்ற இலக்கங்களின் வரிசையாக) மாற்றி, இரு வரிசைகள் வேறுபடும் இடங்களை எண்ணினாலே மட்டங்களின் வித்தியாசம் கிடைத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறு வேறுபடும் இடங்களின் எண்ணிக்கையே ஹாமிங் தூரம்.

வழக்கமான இரும எண் இதற்கு உதவாது. 31 என்பது 011111, 32 என்பது 100000. ஓர் அடி ஏறியதற்கு ஆறு பிட்டுகளும் மாறிவிடுகின்றன.

இதைக் கண்டதும் பலர் கிரே குறியீட்டுக்குத் தாவுகிறார்கள். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1953இல் காப்புரிமை பெற்ற இக்குறியீட்டில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் என்பது உண்மையே. ஆனால் ஒரு பிட் மட்டும் மாறினால் அவை அடுத்தடுத்த எண்கள் என்று அதிலிருந்து முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. அதில் 0 என்பது 000000, 31 என்பது 010000. வறண்டு கிடக்கும் அணைக்கும் 31 அடி நீருள்ள அணைக்கும் ஒரு பிட்தான் இடைவெளி! ஓசூர்த் தொழிற்சாலை எந்திரங்களில் சுழலும் தண்டின் கோணத்தைப் படிக்கும் என்கோடருக்கு அது பொருந்தும், ஏனெனில் தண்டு படிப்படியாகவே நகர்கிறது. எந்த இரு நாள்களையும் ஒப்பிட வேண்டிய நமக்குப் பொருந்தாது.

சரியான வழி வெப்பமானிக் குறியீடு: 31 அடிக்கு முதலில் 31 ஒன்றுகள், பிறகு 21 சுழிகள். 48 அடியோடு ஒப்பிட்டால் சரியாக 17 இடங்கள் வேறுபடும். 52 பிட்டுகள் வீண் என்று கருதிச் சுருக்க முயல்வதும் தவறே, ஏனெனில் 0க்கும் 52க்கும் 52 இடங்கள் வேறுபட வேண்டுமானால் வரிசையில் அத்தனை இடங்களாவது இருந்தாக வேண்டும். 40 அடிக்கு மேற்பட்ட மட்டங்கள் மட்டும் போதுமென்றால் 40ஐக் கழித்துவிட்டு 12 பிட்டுகளில் முடிக்கலாம்.

ஒகேனக்கல் நீர்வரத்தைக் கன அடியில் இப்படி எழுதினால் வரிசை மிக நீண்டுவிடும். ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்கலாம்; ஆனால் அப்போது 20,000க்கும் 20,999க்கும் வேறுபாடே இராது, 20,999க்கும் 21,000க்கும் ஒரு பிட் வேறுபடும். எவ்வளவு பிழை தாங்கும் என்று தீர்மானித்த பின்பே பிரிவின் அளவைத் தேர்வதுதான் முறை.

மாதங்களுக்கு வெப்பமானிக் குறியீடும் தவறு. மாங்காய் வரத்தை மாதவாரியாக எழுதும் மண்டியில் பங்குனியும் சித்திரையும் 11 பிட்டுகள் விலகி நிற்கும். வட்டமாகச் சுழலும் அளவுகளுக்கு ஜான்சன் குறியீடே ஏற்றது. 12 மாதங்களுக்கு 6 பிட்டுகள் போதும். சித்திரை 000000, வைகாசி 100000 என ஒன்றுகள் இடப்புறமிருந்து நிரம்பி ஐப்பசியில் 111111 ஆகும். பிறகு அதே வரிசையில் சுழிகள் நிரம்பிப் பங்குனி 000001 ஆகும்.