சென்ட்ரல் லாக் மக்கர் செய்கிறதா? மோட்டாரை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவு ‘டக்’கென்று பூட்டிக்கொள்கிறது, ஒன்று மட்டும் அசையாமல் இருக்கிறது. லாக் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் இதில் அதிகம் செலவு வைக்கும் தவறு. இப்போது வரும் பல கார்களில் மோட்டாரும், கதவைப் பிடித்து நிறுத்தும் கொக்கிப் பகுதியான லாட்சும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் முழுசாகத்தான் வாங்க வேண்டும். அவ்வளவு செலவு செய்தும் கதவு அசையவில்லை என்றால், பழுது முதலிலிருந்தே வயரில் இருந்திருக்கிறது.

கோளாறு எங்கே என்பதை வண்டியே பாதி சொல்லிவிடும். எல்லாக் கதவும் ஒரே நாளில் நின்றுவிட்டால் எந்தக் கதவையும் பிரிக்க வேண்டாம். ஃபியூஸ், ரிலே (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்), கன்ட்ரோல் யூனிட் என்று பொதுவான இடத்தில் தேடுங்கள். உள்ளே இருக்கும் பட்டனுக்குப் பூட்டி, ரிமோட்டுக்கு மட்டும் பூட்டவில்லை என்றால் முதலில் ரிமோட் செல்லை மாற்றிப் பாருங்கள். பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032 வட்ட செல். புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். பூட்டிய மறுநொடியே தானாகத் திறந்துகொண்டால் ஏதோ ஒரு கதவு மூடவில்லை என்று வண்டி நினைக்கிறது. எல்லாக் கதவையும் மூடிய பிறகும் உள்விளக்கு அணையவில்லை என்றால் கதவு ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையா? கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்ட் லாக்கை யாராவது தட்டிவிட்டிருப்பார்கள். இதற்காகக் கதவையே பிரித்தவர்கள் உண்டு.

ஒரே ஒரு கதவில்தான் சிக்கல் என்றால், கதவில் காதை வைத்துக்கொண்டு இன்னொருவரை ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் வந்தும் லாக் நகரவில்லை என்றால் வயர் நன்றாக இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது லாக்கை நகர்த்தும் கம்பியான ராடைப் பிடித்திருக்கும் சின்ன கிளிப் உடைந்திருக்கும். சத்தமே வரவில்லை என்றால் கதவின் கீல் பக்கம் போங்கள்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். அந்தக் கதவுக்குப் போகும் வயர் எல்லாம் அதற்குள்தான். ஒரு நாளைக்குப் பத்து முறை கதவைத் திறந்தால் வருடத்துக்கு 3,650 முறை அந்த வயர்கள் ஒரே இடத்தில் மடிகின்றன. அதிகம் திறக்கும் ஓட்டுநர் கதவில் இந்தப் பழுது சகஜம். ரப்பரை ஒரு முனையில் கழற்றிப் பின்னால் தள்ளி, ஒவ்வொரு வயராக இரண்டு விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்த வயர் லேசாக நீண்டு கொடுக்கும். மேலுறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கதவைப் பாதி திறந்தால் வேலை செய்து, மூடினால் நின்றுபோவதும், அதே கதவில் பவர் விண்டோவோ ஸ்பீக்கரோ விட்டுவிட்டு வேலை செய்வதும் இதன் அடையாளம்.

அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் சில வாரத்தில் திரும்பவும் அறுந்துவிடும். அதே இடத்தில் சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயப் பற்று) வைத்தாலும் நிற்காது. சால்டர் ஏறிய பகுதி விறைத்துவிடும், அதன் ஓரத்தில் செம்பு ஒடியும். மடியும் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் நல்ல மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழை கொண்ட) வயரைச் சேருங்கள். ஒரு ஜாயின்ட் கதவுக்குள்ளேயும் மற்றது கீல் பொருந்தியிருக்கும் பாடித் தூணான பில்லருக்குள்ளேயும் வரவேண்டும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பல வயரை மாற்றும்போது ஜாயின்ட்டுகளை முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தால் முடிச்சு தடிக்காது.

அடுத்த தவறு, மல்டிமீட்டரை மட்டும் நம்புவது. லாக் மோட்டாருக்குக் கரண்ட் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் வரும். டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிட்டுச் சுழியம் காட்டலாம். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டாரைச் சுற்ற அது போதாது. அதனால் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை மோட்டார் கனெக்டரின் தடித்த இரண்டு வயருக்கு நடுவே கொடுத்துப் பூட்டித் திறந்து பாருங்கள். இரண்டு முறையும் பளிச்சென்று மின்னினால் வயர் நல்லது, மோட்டாரை மாற்றலாம். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ வயர் பலவீனம். பூட்டும்போது ஒரு வயரில் பிளஸ், திறக்கும்போது மற்றதில் பிளஸ் என்று மாறி வருவதால், பல்பின் ஒரு முனையை பாடியில் வைத்துச் சோதித்தால் குழப்பம்தான். மஞ்சள் நிற கனெக்டர் ஏர்பேக்குக்கு உரியது. அதில் பல்பு வைக்கவே கூடாது.

சோதிக்கிறேன் என்று இருபது முப்பது முறை தொடர்ந்து அழுத்தாதீர்கள். பல மோட்டார்களில் சூடேறினால் கரண்டைக் குறைக்கும் பாதுகாப்பு உண்டு. நல்ல மோட்டாரும் சற்று நேரம் செத்ததுபோல் கிடக்கும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று 15 ஆம்பியர் இடத்தில் 30 போடுவது தீ விபத்தில் முடியலாம். கீல் பக்கத்தில் உறை கிழிந்த வயர் பாடியில் உரசுகிறதா என்று தேடுங்கள்.

லாட்ச் இறுகியிருந்தால் டபிள்யூடி-40 அடித்துவிட்டு அதோடு விடுவது இன்னொரு பழக்கம். அது அழுக்கோடு பழைய கிரீஸையும் கரைத்துவிடும். துடைத்துக் காய்ந்ததும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள்.

டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றும் முன் கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். கைப்பிடிக் குழிக்குள் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை விட்டுவிட்டு இழுத்தால் பேட் உடையும்.

புது லாட்ச் மாட்டியதும் கதவைச் சாத்திச் சோதித்து, அது திறக்காமல் மாட்டிக்கொண்டால் பெரும் அவதி. கதவு திறந்தே இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரால் லாட்சின் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளுங்கள், பூட்டித் திறங்கள், உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி இரண்டாலும் கொக்கி விடுபடுகிறதா பாருங்கள். கொக்கியைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் லாட்ச் நசுங்கும்.

கடைசியில், உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை ஓட்டை இல்லாமல் அதே கறுப்புப் பசையில் அழுத்தி ஒட்டுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் மண் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் எடுத்துவிட்டு, மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது கீழே வடிகிறதா என்று பார்த்த பிறகு பேடை மாட்டுங்கள்.